எண்ணிப் பார்ப்பது குற்றமா?

"கலைக்கூடத்திலே கணிப்பொறியா? உள்ளம் உருகிப் படிக்க வேண்டிய புதினத்தைக் கூட்டல் கழித்தலுக்கு இரையாக்குவதா?" என்று கேட்கின்றனர், இலக்கியத்துக்குத் தாமே காவலர் என்று கூறிக்கொள்வோர். நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: எண்ணிப் பார்ப்பது எப்போது குற்றமாயிற்று? கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் 'எண்ணுதல்' என்ற ஒரே சொல்லாலே குறித்த மொழியல்லவா நம் மொழி!

படைப்பு அருளாலே பிறப்பது, ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்பது பழைய பல்லவி. அந்தத் திரையை விலக்கியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பர்ரோஸ். 1987-இல் வெளிவந்த தம் நூலிலே, ஜேன் ஆஸ்டினின் புதினங்களில் அடிக்கடி வரும் சொற்களைக் கணிப்பொறி கொண்டு எண்ணிக் காட்டினார். காதல், கண்ணீர் போன்ற கனத்த சொற்களை அல்ல. 'நான்', 'அது', 'இல்லை' போன்று எவர் கண்ணிலும் தங்காத எளிய சொற்களை! பாத்திரங்களின் பேச்சு அச்சொற்களின் விகிதத்தாலேயே வேறுபட்டு நின்றது. ஆஸ்டினின் புகழ் தேய்ந்ததா? இல்லை; அவர் கைத்திறன் எத்தனை நுட்பமானது என்பதற்குச் சான்று கிடைத்தது.

இன்னொன்று கேளுங்கள். 2018-இல் டெட் அண்டர்வுட், டேவிட் பாம்மன், சப்ரினா லீ எனும் மூவர், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் புனைகதை நூல்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஏறத்தாழப் பாதி நூல்கள் பெண்கள் எழுதியவை; 20ஆம் நூற்றாண்டின் நடுவிலே அது கால்பங்களவுக்குச் சரிந்திருந்தது! கதைக்குள்ளே பெண் மாந்தர் பெற்ற இடமும் சுருங்கியது. ஆணுக்கு இன்ன சொல், பெண்ணுக்கு இன்ன சொல் என்றிருந்த வேலி தளர்ந்து வந்த அதே காலத்திலேதான் இந்தச் சரிவு! முன்னேற்றம் தானே நடந்து வரும் என்று நம்பியிருப்போருக்கு இது சாட்டையடி. நூறு நூல்களை நுகர்ந்து படித்தவர், இந்தச் சரிவின் முழு அளவை அளந்திருக்க முடியுமா?

கணிப்பொறியைக் கடவுளாக்கச் சொல்லவில்லை நாம். நூலகங்கள் காத்து வைத்த நூல்களைத்தான் அது எண்ணும். பெயரைக் கொண்டு பாலைக் கணிக்கையிலே தவறும். கேலியைக் கேலியென்று உணரத் தடுமாறும். ஆகவே கணக்கையும் கேள்விக்கு உட்படுத்துவோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. "எனக்குத் தோன்றிற்று" என்பவரின் தீர்ப்பை நம்பலாம், அல்லது நம்பாதிருக்கலாம். கணக்கையோ எவரும் மறுபடி எண்ணிச் சரிபார்க்கலாம். பட்டமும் பரம்பரையும் அதற்குத் தேவையில்லை. காவலர்கள் கலங்குவது கலைக்காகவா, கைநழுவும் அதிகாரத்துக்காகவா?

இளைஞர்களே! 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றே பாலைக் காட்டும் மொழி நம்முடையது. போற்றிப் பாதுகாக்கும் நம் புதினங்களிலே பேசுபவர் யார், பேச்சற்று நிற்பவர் யார் என்று எண்ணுங்கள். விடை இனித்தால் மகிழ்வோம். கசந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள்!