ஆங்கில ஆசிரியர் ஆவதற்குத் தேர்வு மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியை விளக்கி நாம் அனைவரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆனால் ஏட்டைத் திறந்தே பார்க்காதவர்களின் கறியும் ஒருநாள் கரிந்து போகும் என்பதைக் கடந்த ஆண்டுதான் நான் அறிந்துகொண்டேன். அதை எனக்கு உணர்த்தியவர் என் பெரியம்மாவின் மகள். நான் அக்கா என்றே அழைப்பவர்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டமும், பி.எட். பட்டமும் பெற்றார். பெரியப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்பது அக்காவின் ஒரே இலட்சியம். அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வில் வெற்றி பெற வேண்டும்.

அது எளிய தேர்வு அன்று. மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள். அவற்றில் 110 ஆங்கிலப் பாடத்திலிருந்தும், 30 கல்வி முறையிலிருந்தும், 10 பொது அறிவிலிருந்தும் வரும். சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் வழியாக நம் காலம் வரை வரும் இங்கிலாந்து இலக்கியம், அமெரிக்க இலக்கியம், இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியம், திறனாய்வு, மொழியியல், இலக்கணம் எல்லாம் படிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 அன்று நடந்த தேர்வில், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 1,996. விண்ணப்பித்தவர்களோ இரண்டு லட்சத்துக்கும் அதிகம்!

அக்கா ஞாயிறுதோறும் சேலத்திற்குப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தார். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் வீணாக்கவில்லை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது முதல் வளைவு சாசருக்கு. பத்தாவது வளைவு 1798-ஆம் ஆண்டுக்கு. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து தங்கள் கவிதை நூலை வெளியிட்ட ஆண்டு அது. மேலே வரவரக் காலமும் நம்மை நெருங்கி வரும். ஏற்காடு ஏரி கண்ணில் படும்போது அவர் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்திருப்பார். பேருந்தில் பலருக்குத் தலை சுற்றும். அக்காவுக்கு மட்டும் ஆண்டுகள் சுற்றும்.

இனி நான் வெட்கத்துடன் எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஒரு மாலை அக்கா உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கீட்ஸ் என்ற கவிஞரின் பெயரைச் சரியாகச் சொன்னார். அடுத்து அதே எழுத்துக்கூட்டலை ஒத்த இன்னொரு பெயரை ‘யீட்ஸ்’ என்றார். நான் சிரித்துவிட்டேன். “அக்கா, அது யேட்ஸ்!” என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு ஒரு வாரம் என் எதிரில் அவர் ஓர் ஆங்கிலச் சொல்கூடப் பேசவில்லை.

பெரியம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அக்காவின் மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்து, “நீதான் கான்வென்டில் படிக்கிறாயே கண்ணு, இதை எழுதிக் கொடு பார்க்கலாம்” என்றார். இலக்கண வினாக்கள் பத்தில் நான்கு எனக்குத் தவறாயின. எது சரி என்று காதுக்குத் தெரிந்த இடத்தில்கூட ஏன் சரி என்று சொல்லத் தெரியவில்லை. ‘நன்றாகப் பாடுகிறாள், இல்லையா?’ என்ற பொருளில் ‘ஷி சிங்ஸ் வெல், இஸ்ன்ட் இட்?’ என்றுதான் நான் நாள்தோறும் பேசி வருகிறேன். ‘டஸன்ட் ஷி?’ என்பதே முறை என்று அன்றுதான் தெரிந்தது. யேட்ஸ் அயர்லாந்துக் கவிஞர் என்பதும், 1923-ல் நோபல் பரிசு பெற்றவர் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர் பெயரின் ஒலி மட்டுமே. அக்காவுக்கு அவரையே தெரிந்திருந்தது.

அன்று முதல் இந்தத் தேர்வைப் பற்றி நான் யோசித்து வருகிறேன். என் கருத்து இதுதான்: எழுத்துத் தேர்வு அவசியம், ஆனால் அதோடு நின்றுவிடுவது போதாது.

முதலில், ஏன் அவசியம் என்பதைச் சொல்கிறேன். ‘மனப்பாடம் செய்து எழுதும் தேர்வால் என்ன பயன்? நேரில் அழைத்துப் பேசிப் பார்த்தால் போதாதா?’ என்று பலர் கேட்கின்றனர். நேரில் பேசிப் பார்ப்பவர் நடுநிலையாளராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால்? சிபாரிசுக் கடிதம் கொண்டு வருபவருக்கு முன்னால் காப்பித் தோட்டத்துக் கணக்கரின் மகள் எப்படி நிற்க முடியும்? சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள் ஒரு காலத்தில் இயக்குநர்களின் தயவால் கிடைத்தன. அதை மாற்றி 1855-ல் லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கினார்கள். அந்தத் தேர்விலும் ஆங்கில இலக்கியம் ஒரு முக்கியப் பாடம். விடைத்தாளுக்கு முகம் இல்லை, குலம் இல்லை, உச்சரிப்பும் இல்லை. அக்காவின் தேர்வுத்தாளைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. நான் சிரித்தேன், வினாத்தாள் சிரிக்கவில்லை. இந்த நியாயத்தை நாம் எளிதில் விட்டுவிடக் கூடாது.

மேலும் இலக்கணம் வெறும் மனப்பாடம் என்பதையும் நான் இப்போது ஏற்பதில்லை. மாலை வேளைகளில் அக்கா தம் வீட்டுத் திண்ணையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். ஒருநாள் ஆங்கிலத்தின் நிகழ்கால முற்றுக்கும் இறந்தகாலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பித்தார். ஒரு கூடை நிறையக் காப்பிப் பழத்தை நடுவில் வைத்தார். “பறித்தாயிற்று. ஆனால் கூடை இன்னும் கண்ணெதிரே இருக்கிறது. இதற்கு ‘வி ஹேவ் பிக்ட்’ என்று சொல்ல வேண்டும். நேற்றுப் பறித்த மூட்டை அப்போதே போய்விட்டது. அதற்கு ‘வி பிக்ட் எஸ்டர்டே’ போதும்” என்றார். ‘நேற்று’ என்று காலத்தைக் குறித்துச் சொல்லும்போது ‘ஹேவ்’ வராது என்ற விதி அந்தக் கூடையோடு என் மனத்திலும் பதிந்துவிட்டது. பத்தாண்டுகளாக ஆங்கில வழியில் படிக்கும் எனக்கு அதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பழக்கத்தில் வந்தது, அவருக்குப் பாடுபட்டு வந்தது. பாடுபட்டுக் கற்றவருக்குத்தான் கற்கும் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது தெரிகிறது. நம் ஆண்டவரும் விதைப்பவனையும் வலையையும் காட்டித்தானே போதித்தார்!

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் இருந்தது. அதில் 50 மதிப்பெண்ணுக்கு 20 எடுத்தால்தான் மற்றத் தாளைத் திருத்துவார்கள். ‘ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் எதற்கு?’ என்று முதலில் நானும் கேட்டேன். திண்ணைப் பாடத்தைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

அப்படியானால் எது போதாது? 150 வினாக்களில் ஒன்றுகூட வாயைத் திறக்கச் சொல்வதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் ஆங்கில இலக்கணத்திலேயே ஒரு பகுதி காதில்தான் இருக்கிறது. ‘ஹவர்’ என்ற சொல் மெய்யெழுத்தில் தொடங்கினாலும், அந்த எழுத்து ஒலிக்காததால் அதன் முன் ‘ஆன்’ வருகிறது. ‘யூனிவர்சிட்டி’ உயிரெழுத்தில் தொடங்கினாலும் யகர ஒலி கேட்பதால் ‘எ’ வருகிறது. சொல்லை ஒலிக்கத் தெரியாதவர் இந்த விதியை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. நாம் காலை வழிபாடு முதல் மாலை விளையாட்டு வரை ஆங்கிலம் கேட்கிறோம். ஆனால் சேர்வராயன் மலையின் உட்கிராமங்களில் இருந்து வரும் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தை வாயால் பேசிக் காட்டும் மனிதர் அநேகமாக அதன் ஆசிரியர் ஒருவரே. அவர் தயங்கினால் பிள்ளையும் தயங்கும். அவர் பேசாமலே பாடத்தை நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்பது கரும்பலகையில் எழுதிய ஒன்றாகவே நின்றுவிடும். பிறகு ஒரு நேர்காணலில், என்னைப் போன்ற ஒருத்தி சிரிக்கும்போது, அந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடிவிடும்.

‘பி.எட். படிப்பிலேயே பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்துப் பயில்கிறார்களே’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பி.எட். முடித்ததற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அத்தனை ஆண்டுகளும் அக்காவைப் போன்றோர் தனி அறையில் வாய்க்குள்ளேயே படிக்கின்றனர். கற்றுக்கொண்ட பேச்சும் அதற்குள் துருப்பிடித்துவிடுகிறது.

ஆகவே எனக்குத் தோன்றும் வழி இது. எழுத்துத் தேர்வு இப்போது போலவே நடக்கட்டும். பேச்சுக்கு மதிப்பெண் போட்டு யாரையும் கழிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் கான்வென்டில் படித்தவர்களுக்கே அது சாதகமாகும், சிபாரிசுக்கும் கதவு திறக்கும். ஆனால் தேர்ச்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் முதல் ஆண்டில் பேச்சுக்கும் ஒலிப்புக்கும் தொடர்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் அவருடைய வகுப்பில் அமர்ந்து கேட்டு, பிள்ளைகள் எதிரில் அல்லாமல் தனியே திருத்த வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் கட்ட வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக்கு உத்தமசோழபுரத்தில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. செலவாகும் என்பார்கள். ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டுகள் கற்பிக்கிறார். அவர் ஓராண்டு பயின்றால், முப்பது ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது பயன் தரும்.

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருந்துவிடவும் கூடாது. நானும் அக்காவும் இப்போது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் விதித்த நிபந்தனை அது. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் நான் உரக்கப் படிப்பேன், அவர் என்னைத் தொடர்ந்து படிப்பார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் எனக்கு இலக்கணம் கற்பிப்பார். தவறு செய்பவரைப் பார்த்து இருவரும் சிரிக்கக் கூடாது. ஆனால் இருவரும் சேர்ந்து சிரிக்கலாம். நம் வகுப்பில் எத்தனை பேருடைய உறவிலோ அண்டை வீட்டிலோ இப்படி ஒருவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்! வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்குக் கொடுக்க நம்மால் முடியாதா?

தேர்வில் தோற்றவர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர். ஆசிரியர் வேலைக்கும் போய், சில நாட்களிலேயே விட்டு வந்தவர். ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ என்று அவர் 1945-ல் எழுதிய நாவலை இன்று ஆங்கில ஆசிரியர் ஆக விரும்புவோர் தேர்வுக்காகப் படிக்கின்றனர்!

அன்புத் தோழியரே, ‘எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய்?’ என்று கேட்டால் நம்மில் பலரும் மருத்துவர் என்கிறோம், பொறியாளர் என்கிறோம். ஆசிரியர் என்று சொல்பவர் மிகச் சிலர். நானும் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அப்படி ஆனால், ஒலி மட்டும் தெரிந்தவளாக அல்லாமல், ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குக் கூடையைக் காட்டி விடை சொல்லத் தெரிந்தவளாக ஆக வேண்டும்.

இந்தக் கட்டுரையை அக்காவிடம் படித்துக் காட்டினேன். ‘யீட்ஸ்’ என்று சொன்னதையும் எழுத அனுமதித்துவிட்டார். தேர்வில் தாம் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் எழுதக் கூடாது என்றார். தமிழ்த் தாளில் தேறிவிட்டார் என்பதை மட்டும் நான் சொல்லலாமாம். மற்றதற்கு அவர் மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த முறை அவர் பெயர் பட்டியலில் வர இறைவன் அருள்புரிவாராக!