ஜன்னலுக்குள் ஒரு ஜன்னல்

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் தெற்கு லண்டனில், டூட்டிங் என்ற இடத்தில், பழைய வீடு ஒன்றின் மாடியை வாங்கிக் குடி போயிருக்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். தை மாசம் மகளுக்குப் பிரசவம். அம்மா துணைக்குப் போகிறார். அவருடைய கவலையெல்லாம் அந்த வீட்டு ஜன்னலைப் பற்றித்தான்!

"இழுத்து மூடிய பிறகும் திரை ஆடுகிறதாம். கண்ணாடி மேல் கை வைத்தால் குளிர் எலும்பில் ஏறுகிறதாம். தெருவில் பஸ் போனால் கட்டிலில் கேட்கிறதாம். ஒரு கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, அத்தனை ஜன்னலையும் பெயர்த்துப் போட்டுப் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி வைத்தால்தான் ஆகும் என்கிறாராம். கையில் இருக்கிற பணம் அதற்கே சரியாய்ப் போய்விடும். பச்சைக் குழந்தை வரப்போகிற வீடு. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

ஒழுகும் மொட்டை மாடி, பூசணம் பிடித்த அலமாரி என்று இந்தப் பகுதிக்கு எத்தனையோ கேள்விகள் வந்திருக்கின்றன. லண்டன் ஜன்னல் வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் நம் வாசகிகளில் எத்தனை பேருடைய பிள்ளைகள் இன்று டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கிறார்கள்! அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: பெயர்க்க வேண்டாம். அந்த ஜன்னலை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அறையின் உட்பக்கத்தில் இன்னொரு கண்ணாடி ஜன்னலை வைத்துக்கொள்ளலாம். பாதிச் சங்கடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

நம் ஊர் ஜன்னலுக்குக் கீல் உண்டு, கதவு திறக்கும். அந்த ஊர்ப் பழைய ஜன்னல் அப்படியில்லை. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றுக்கு முன் ஒன்றாக நின்று, மேலும் கீழுமாக நகரும். 'ஸாஷ்' ஜன்னல் என்று பெயர். பக்கத்து மரச் சட்டம் உண்மையில் ஒரு பெட்டி, உள்ளே பொள்ளல். அதற்குள் ஓர் இரும்புக் குண்டு கயிற்றில் தொங்கும். கயிறு மேலே ஒரு கப்பியில் ஏறி வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். குண்டும் சட்டமும் எடை சமமாக இருந்துவிட்டால், அத்தனை பெரிய கண்ணாடியை ஒரு சிறு பெண் தூக்கிவிடலாம். விட்ட இடத்தில் நிற்கும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் இந்த வித்தை நடக்கிறது.

அப்போது பெரிய கண்ணாடி கிடையாது. உருகிய கண்ணாடியை ஊதிக் குமிழாக்கி, கோலில் வைத்துச் சுழற்றி, அகலமான தட்டாக விரியச் செய்து, அதிலிருந்து சிறு சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். அதனால்தான் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஜன்னலில் மேலே ஆறு, கீழே ஆறு என்று கட்டம் கட்டமாக இருக்கும். போதாததற்கு வரி வேறு. 1696-ல் ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள்! சில வீட்டுக்காரர்கள் செங்கல் வைத்து ஜன்னலையே அடைத்துவிட்டார்கள். அடைத்த ஜன்னல்களை இன்றைக்கும் பார்க்கலாம். கண்ணாடி மேல் இருந்த வரி 1845-லும் ஜன்னல் வரி 1851-லும் போயின. பெரிய கண்ணாடியும் மலிந்தது. டூட்டிங் வீட்டைப் போன்ற விக்டோரியா காலத்து வீடுகளில் மேலே இரண்டு, கீழே இரண்டு, அல்லது ஒரே கண்ணாடி என்று இருப்பது அதனால்தான்.

சரி, குளிர் எப்படி வருகிறது? இரண்டு வழியில். நகர்கிற சட்டத்துக்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் காற்று புகுகிறது. இது ஒன்று. மற்றது கண்ணாடியே. ஒற்றைக் கண்ணாடி மிக மெல்லியது. அறையின் சூட்டை வெளியே கொடுத்துக்கொண்டே இருக்கும். திரை ஆடுவது முதல் வழி, கை சில்லிடுவது இரண்டாவது வழி.

கம்பெனி ஆள் சொன்ன இரட்டைக் கண்ணாடி பொய்யென்று நான் சொல்லவில்லை. குளிர் அடங்கத்தான் செய்யும். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள். அந்தப் பழைய சட்டம் நிதானமாக வளர்ந்த மரத்தில் செய்தது. நூறு வருஷம் மழையும் பனியும் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. ஓர் இடம் உளுத்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறு மரம் ஒட்டலாம். கயிறு அறுந்தால் கயிறு மாற்றலாம். இரட்டைக் கண்ணாடியில் இரண்டு தகட்டையும் சேர்த்து முத்திரையிட்டிருக்கும். அந்த முத்திரை விட்டுப்போனால் உள்ளே பனி மூடிக்கொள்ளும்; துடைக்கக் கை போகாது, தகட்டையே மாற்றவேண்டியதுதான். பழைய கண்ணாடியில் வெயில் பட்டால் நீர் அலைவது போல மின்னுமே, அதையும் ஒரு தரம் உடைத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் ஏறிய வீடானால், அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றுவது குற்றம். உள் ஜன்னலுக்கும் நகரசபையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எதையும் இடிக்காமல் வைத்து, வேண்டாமென்றால் கழற்றிவிடக்கூடியது என்பதால் இதற்கு அவர்கள் இசைவது சுலபம். பட்டியலில் இல்லாவிட்டாலும், வீட்டில் ஒரு மாடியை மட்டும் வாங்கியவர்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் படிக்கவேண்டும். ஜன்னல் அவர்களுக்குச் சொந்தமா, நிலத்துக்குச் சொந்தக்காரருக்கா? அநேகமாக வெளி ஜன்னல் அவருடையதாக இருக்கும். கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்துவிடட்டும்!

இப்போது உள் ஜன்னலுக்கு வருவோம். 2009-ல் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் புராதனக் கட்டடப் பாதுகாப்பு ஸ்தாபனத்துக்காக ஒரு பழைய ஸாஷ் ஜன்னலைச் சோதனைச் சாலையில் வைத்து அளந்தார்கள். இடைவெளிகளில் ரோமப் பட்டை பதித்தபோது காற்று நுழைவது 86 சதவிகிதம் குறைந்தது. கனத்த திரை போட்டாலே கண்ணாடி வழியே போகும் சூட்டில் சுமார் 40 சதவிகிதம் மிச்சம். நல்ல உள் ஜன்னல் வைத்தால் 60 சதவிகிதத்துக்கு மேல். அதன் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகப் பூச்சு உண்டு. அது சூட்டை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து அந்தப் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

உள் ஜன்னலில் பல தினுசுகள். ஸாஷைப் போலவே மேலும் கீழும் நகருவது ஒன்று. அதன் நடுச்சட்டம் வெளி ஜன்னலின் நடுச்சட்டத்துக்கு நேராக வந்துவிட்டால் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. என் ஓட்டு இதற்குத்தான். விலைதான் கொஞ்சம் அதிகம். பக்கவாட்டில் நகருவது அகலமான ஜன்னலுக்குச் சரி. ஒடுக்கமாய் உயர்ந்த ஜன்னலில் நடுவே ஒரு கோடு விழுந்து நெற்றியில் பட்டை போட்ட மாதிரி நிற்கும். கீல் வைத்துத் திறப்பது துடைக்க வசதி; ஆனால் திறந்தால் அறைக்குள் வந்து நிற்கும், தொட்டிலை எங்கே போடுவது? தூக்கி வெளியே வைக்கிற தினுசு மலிவு. கண்ணாடியானால் கனம், ஒருவர் மட்டும் தூக்குவது கஷ்டம். கோடைக்குக் கழற்றி வைக்க இடமும் வேண்டும்.

காந்தத்தில் ஒட்டுகிற தினுசும் உண்டு. ஜன்னல் சட்டத்தில் ஓர் இரும்புப் பட்டை, அக்ரிலிக் தகட்டின் ஓரத்தில் காந்தப் பட்டை. 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். குறைந்த செலவு, எடையும் இல்லை, வாடகை வீட்டாருக்கு உகந்தது. கீறல் மட்டும் சீக்கிரம் விழும். மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும்.

சத்தத்துக்கு வேறு கணக்கு. குளிரைத் தடுக்க இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். பஸ் சத்தத்துக்கு அது போதாது. குறைந்தது 100 மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம் வேண்டும். 150 இருந்தால் இன்னும் நல்லது. உள் கண்ணாடி வெளிக் கண்ணாடியை விடக் கனமாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே கனமாக இருந்தால் ஒரே சுருதியில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்திவிடும். மகளிடம் கேளுங்கள்: எதற்காக வைக்கிறோம், குளிருக்கா, சத்தத்துக்கா? அதைச் சொல்லாமல் அளவு கொடுத்தால் கம்பெனிக்காரர் தமக்குச் சௌகரியமான இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த வீடுகள் சிலவற்றில் ஜன்னலின் இரு பக்கத்திலும் மடிக்கிற மரக் கதவுகள் சுவரோடு ஒளிந்திருக்கும். பல தலைமுறை பெயின்ட் பூசி அவை இருப்பதே மறந்துபோயிருக்கும். அவற்றைத் திறந்து பழக்கினால் இரவில் மூடலாம். அதே சோதனையில் மரக் கதவு மட்டுமே பாதிச் சூட்டுக்கு மேல் காப்பாற்றிக் கொடுத்தது! உள் ஜன்னலை அந்தக் கதவு மடங்குவதற்கு இடைஞ்சலில்லாமல், வெளிச் சட்டத்தை ஒட்டி மெல்லியதாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே நாலு அங்குலம் கிடைக்காது. சத்தம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பூசணம் வருவது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். நாம் சாதம் வடிக்கிறோம், ரசம் கொதிக்கவிடுகிறோம், குழந்தைத் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துகிறோம். அந்த ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தேடிப்போய் அதன்மேல் தண்ணீராக நிற்கும். ஆகையால் உள் ஜன்னல் இறுக்கமாக இருக்கவேண்டும். ஈரம் நடுவே போகக்கூடாது. வெளி ஜன்னல் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்; தப்பித் தவறிப் போன ஈரம் வெளியே போய்விடும். உள் ஜன்னல் வைப்பதானால் வெளி ஜன்னலில் ரோமப் பட்டை போட்டு இறுக்க வேண்டாம் என்பது இதனால்தான். சமையலறைப் புகைப்போக்கி விசிறி சமைக்கிற நேரம் முழுவதும் ஓடட்டும். அறையில் கேஸ் கணப்பு இருந்தால், காற்று வழியை அடைக்கும் முன் பதிவு பெற்ற கேஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டியே ஆகவேண்டும். விஷவாயுவுக்கு மணம் கிடையாது.

படுக்கையறையில் ஒரு ஜன்னலாவது சட்டென்று திறக்கிற தினுசாக இருக்கவேண்டும், தீப்பிடித்தால் வெளியேற. கோடைக்கும் அது வேண்டும். இங்கிலாந்தில் கோடையா என்று சிரிக்காதீர்கள். 2022 ஜூலை 19-ம் தேதி அங்கே வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அன்றைக்குத் திறக்காத ஜன்னலுக்குள் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி, தை மாசத்துக்குள் என்ன செய்வது? அளவெடுத்துச் செய்து வரும் உள் ஜன்னலுக்கு வாரக் கணக்கில் ஆகும். அதுவரை மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறது. இருபக்கமும் ஒட்டுகிற பட்டையால் ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, தலை உலர்த்துகிற காற்றை மேலே காட்டினால் தமுக்குத் தோல் போல விறைத்து நின்றுவிடும். ஒரு குளிர்காலம் தாங்கும். அம்மா படுக்கிற அறையிலும் தொட்டில் அறையிலும் இதைப் போட்டு, கனத்த திரையும் தொங்கவிட்டால் இந்த வருஷம் கழிந்துவிடும். திறக்கிற ஜன்னல் ஒன்றை மட்டும் ஒட்டாமல் விடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அந்த வீட்டுப் பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். சிக்கிக்கொண்ட சட்டத்தை விடுவிக்கிறேன் என்று யாராவது உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால், அந்தத் தூசி கர்ப்பிணிக்கும் வயிற்றுச் சிசுவுக்கும் ஆகாது. தவழ்கிற குழந்தைக்கும் ஆகாது. மரவேலை நடக்கவேண்டுமானால் அந்தப் பெண் சில நாள் சிநேகிதி வீட்டில் இருக்கட்டும். பெயின்டை உலர வைத்துத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் பிரசவம் ஆகி, அம்மாவும் ஊர் திரும்பி, குழந்தையை வேறெங்காவது கொண்டு வைக்க முடிகிற நாள் வரையில் ஜன்னல் மரத்தைத் தொடவே வேண்டாம்.

அளவெடுப்பதை மட்டும் இப்போதே செய்துவிடலாம். நூறு வருஷ வீட்டில் எந்த ஜன்னலும் நேர்ச் சதுரமாக இராது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்திலும் எடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்த அளவைக் கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்கள்.