சுவரில் ஒட்டிய அந்தப் பேப்பர்!

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நண்பர் ஒருவர் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின். வாடிக்கையாளர் கொண்டுவரும் பில்களை மெஷினில் வைத்து பட்டனைத் தட்டினால், ஸ்கேன் ஆகி நேராகக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டருக்குப் போய்விடும்.

போன மாதம் வேறு வேலையாகப் போனவன், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைச் சும்மா திறந்து பார்த்தேன். திக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆபீஸில் நானே மூடிவிட்டு வந்த ‘எஸ்.எம்.பி. 1’ மறுபடி திறந்து கிடந்தது.

“யாரும்மா இதை ஆன் பண்ணினது?”

“நான்தான் சார். புது கம்ப்யூட்டருக்கு ஸ்கேன் வரலை. மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்கிற பேப்பர்ல போட்டிருந்தபடி செஞ்சேன். வந்துடுச்சு.”

ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த பெண். அவள் மேல் தப்பே இல்லை. பேப்பரைப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரி: ‘எஸ்.எம்.பி. 1.0-வை டிக் செய்யவும்.’ கையெழுத்து என்னுடையது!

அது என்ன எஸ்.எம்.பி.?

ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் பாஷை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு 1980-களில் பிறந்தது. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012-ல் விண்டோஸ் 8-உடன் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டன. முதல் பதிப்பு உருவான காலத்தில் இன்றைய திருடர்கள் இல்லை. அதனால் பூட்டும் பலமாக இல்லை.

அதன் விலை 2017 மே 12-ம் தேதி தெரிந்தது. ‘வான்னாக்ரை’ வைரஸ், எஸ்.எம்.பி. 1-ல் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதுகூட இல்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்கள் சிக்கின. நம் ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலைக்கும் பாதிப்பு என்று செய்தி வந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது!

அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1-ஐக் கைவிட ஆரம்பித்தார்கள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது மூடியே வரும். நாமாகப் போய்த் திறந்தால்தான் உண்டு.

திறக்கச் சொன்னது என் பேப்பர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கேனர் மெஷினின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து, புதிய பதிப்புக்கு மாற்றி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழையதை மூடினேன். வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். பேப்பரை மறந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் வந்ததற்குக் காரணம் நான்காவது வரி, அதாவது ஃபோல்டரை ஷேர் செய்தது. மூன்றாவது வரி ஒன்றும் செய்யவில்லை, கதவைத் திறந்து வைத்ததைத் தவிர. நூற்றுக்கணக்கான பேரின் பான் நம்பரும் பேங்க் விவரமும் இருக்கும் ஆபீஸ் அது.

டிக்கை எடுத்துவிட்டு, அன்றே புதுப் பேப்பர் எழுதினோம். எழுதும்போது கற்றவை உங்களுக்கும் உதவும்:

1. பழைய வரியை வெறுமனே நீக்கினால் போதாது. ஸ்கேன் வராவிட்டால் அடுத்தவர் நெட்டில் தேடுவார், அங்கேயும் ‘எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் செய்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகவே ‘இதை ஆன் செய்யாதீர்கள், காரணம் இது’ என்று எழுதுங்கள்.

2. அதற்குக் கீழேயே, ‘ஸ்கேன் வராவிட்டால் இதைப் பாருங்கள்’ என்று சரியான வழியையும் எழுதுங்கள். ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கிறதா, பாஸ்வேர்டு மாறியதா என்று.

3. தேதியும் எழுதியவர் பெயரும் அவசியம்.

4. நகல்களைத் தேடுங்கள். அந்த ஆபீஸில் டைரியில் ஒன்று, வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்று என இன்னும் இரண்டு கிடைத்தன.

5. விஷயம் தெரியாத ஒருவரை, பேப்பரை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கே பேப்பரில் குறை.

உங்கள் வீட்டிலும் பார்க்கலாம். விண்டோஸ் தேடல் கட்டத்தில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘எஸ்.எம்.பி. 1.0’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு பழைய ஸ்கேனரோ, ஹார்டு டிஸ்க் பெட்டியோ வேலை செய்யவில்லையா? அதற்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை ஈமெயிலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்பலாம்.

புதுப் பேப்பரை ஒட்டியது அந்தப் பெண்தான். பழையதைக் கிழிக்கப் போனவள், “சார், இதுல உங்க கையெழுத்து இருக்கே, வச்சுக்கறீங்களா?” என்றாள்.

கிழித்துவிடச் சொன்னேன்.