கரண்ட்டும் வியாழக்கிழமை பாட்டிலும்

போன வாரம் மாமா போன் பண்ணினார். அத்தைக்கு கருப்பை வாய் புற்றுநோய், ரேடியேஷன் ஓடிக்கிட்டிருக்கு (எங்க ஊர்ல அதுக்குப் பேரு 'கரண்ட் வைக்கிறது'). மாமாகிட்ட ரெண்டு கேள்வி. வாட்ஸப்ல ஒரு செய்தி வந்திருக்கு: புற்றுநோய் செல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கிறதைத் தடுத்துட்டா கதிர்வீச்சு பல மடங்கு வேலை செய்யுதாம். "அந்த மருந்து நம்மூர்ல கிடைக்குமாடா?" ரெண்டாவது, வாராவாரம் வியாழக்கிழமை ஏத்துற பாட்டில் அத்தைக்கு ஒத்துக்கல, ஒரே வாந்தி. "அதை மட்டும் நிறுத்திடலாமா? அதான் கரண்ட் வைக்கிறாங்களே."

பொட்டி தட்டுறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? இருந்தாலும் ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். அந்தச் செய்தி மேல எனக்கு செம கடுப்பு, அதான் இந்தப் பதிவு.

கதிர்வீச்சு செல்லுக்குள்ள இருக்கற டி.என்.ஏ.வோட ரெண்டு இழையையும் சேர்த்து அறுக்குது. செல் சும்மா இருக்குமா? ஏ.டி.எம்.னு ஒரு புரதம் (காசு வர்ற ஏ.டி.எம். இல்லீங்க) அலாரம் அடிக்கும். ஒரு கோஷ்டி ஓடிவந்து அறுந்த முனைகளை அப்படியே ஒட்டும். இன்னொரு கோஷ்டி நல்ல பிரதியைப் பாத்து பொறுமையா திருத்தி எழுதும். இவங்களைத் தடுத்துட்டா செல் காலி. லாஜிக் சூப்பர்தான்.

ஆனா இதே கோஷ்டிங்க பக்கத்துல இருக்கற குடல்லயும் மூத்திரப்பையிலயும் இருக்காங்களே! பிறவியிலேயே ஏ.டி.எம். வேலை செய்யாத குழந்தைங்க உண்டு. அவங்களுக்குப் புற்றுநோய் வந்து, வழக்கமான அளவு கதிர்வீச்சு குடுத்தா உயிருக்கே ஆபத்து.

"ஒரே நாள்ல வச்சு முடிக்காம எதுக்கு இப்படி 25 நாள் அலைய விடறாங்க?"ன்னு மாமா முன்னாடியே ஒரு தடவை கேட்டிருக்கார். காரணமே இந்த ரிப்பேர்தான். இன்னிக்கு அடிபட்ட நல்ல செல் நாளைக்குள்ள தேறிக்கணும். புற்று செல்லால பொதுவா அந்த அளவுக்குத் தேற முடியாது. மொத்த வைத்தியமும் அந்த சின்ன வித்தியாசத்து மேலதான் நிக்குது. கண்ணை மூடிக்கிட்டு எல்லா ரிப்பேரையும் நிறுத்தினா அந்த வித்தியாசமும் போயிடும். ஆய்வகத் தட்டுல புற்று செல் செத்துதுன்னு குதிக்கிறவங்க, அந்தத் தட்டுல குடல் இல்லைங்கறதையும் சேர்த்து எழுதணும். அதை எழுதாத செய்தி என்னைப் பொறுத்தவரை பாதிப் பொய்.

வித்தியாசத்தைப் பெருசாக்கற மருந்துதான் மருந்து. 2005ல நேச்சர் இதழ்ல ரெண்டு குழு எழுதினாங்க. பி.ஆர்.சி.ஏ. மரபணு கெட்டுப்போன புற்று செல்லுக்கு ஒரு ரிப்பேர் வழி ஏற்கனவே அடைபட்டிருக்கு. பார்ப்ங்கற இன்னொரு புரதத்தையும் முடக்கினா அது சாகுது, நல்ல செல் தப்பிக்குது. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு ஏற்கனவே புட்டுக்கிட்ட சர்வர்ல மிச்சத்தையும் உருவற மாதிரி. 2014ல சினைப்பை புற்றுக்கு ஒலாபரிப் அப்படித்தான் வந்துது, அதுவும் கதிர்வீச்சு இல்லாமலே. கதிர்வீச்சோட சேர்த்துக் குடுக்க, மூளைக்கட்டிக்கு ஏ.டி.எம். தடுப்பு மருந்து ஒண்ணு மனுஷங்ககிட்ட சோதனை வரைக்கும் வந்திருக்கு.

இப்ப அத்தையோட பாட்டில். அது பேரு சிஸ்பிளாட்டின். அதுவும் டி.என்.ஏ.வுல ஒட்டிக்கிட்டு, கதிர்வீச்சு அறுத்ததை செல் சரிபண்ண விடாம மல்லுக்கட்டுது. அஞ்சு ஆய்வு முடிவுகளைப் பாத்துட்டு, 1999 பிப்ரவரியில அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனம் கருப்பை வாய் புற்றுக்கு இதைக் கதிர்வீச்சோட சேர்த்துக் குடுக்கறதைப் பத்தி யோசிங்கன்னு டாக்டருங்களுக்கெல்லாம் அறிக்கை விட்டுது. 2008ல 18 ஆய்வுகளைக் கூட்டிப் பாத்தப்போ, இப்படி மருந்தையும் சேர்த்துக் குடுத்தா அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருக்கறவங்க நூத்துக்கு 6 பேர் அதிகம். நூத்துக்கு ஆறுன்னா எவன் வாட்ஸப்ல அனுப்புவான்?

மாமாகிட்ட சொன்னேன். "நிறுத்தறதா வேணாமாங்கறதை டாக்டர் சொல்லட்டும். கிட்னி, ரத்தம் எல்லாம் பாத்துதான் சொல்வாங்க. ஆனா வாந்தியை மறைக்காம அவங்ககிட்ட சொல்லுங்க."

"அப்ப அந்த வாட்ஸப் மருந்து?"

"அதோட தாத்தாதான் மாமா வியாழக்கிழமை பாட்டில்."

இந்த வியாழக்கிழமை போயிட்டு வந்துட்டாங்க. வாந்திக்கு வேற மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்களாம். இன்னும் ரெண்டு பாட்டில் பாக்கி.