ஒரே குளம், இரண்டு படித்துறை



சம்பா கதிர் பிடித்துவிட்டது. தை பிறந்தால் அறுவடை. மார்கழியில் காவிரி டெல்டாவின் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு அறுவடை மிஷினைப் பற்றித்தான். ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் மிஷின் கிடைக்குமா, மணிக்கு என்ன கேட்பார்கள், போன வருஷம் வந்தவரின் நம்பர் யாரிடம் இருக்கிறது? சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்து வண்டியோடு வருகிறவரின் பெயரை நம் ஆட்கள் கேட்டுவைத்துக் கொள்வதில்லை. செல்போனில் அவர் ‘மிஷின் ஆத்தூர்’. அவருக்கு முன்னும் பின்னும் ‘மோட்டார் காயில்’, ‘நடவு அக்கா’, ‘சாக்கு ஒரத்தநாடு’, ‘டீசல் தம்பி’ என்று ஒரு பெரிய பட்டாளமே இருக்கும்.

அந்தப் பட்டாளம் ஒரே ராத்திரியில் காணாமல் போன கதையை மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. போட்டால் அவருடைய மகனுக்குக் கோபம் வருமாம்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். புதுப் போன் வாங்கியதும் பழையதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிம்மை மாற்றினார்; போனுக்குள் இருந்த தன்னுடைய கூகுள் கணக்கை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. அப்பா இங்கே ஒவ்வொரு நம்பராகச் சேர்க்கச் சேர்க்க, அங்கே மகனின் போனில் ‘சாக்கு ஒரத்தநாடு’ முளைத்தது. மகனின் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் இங்கே அப்பாவின் போனில் வந்து உட்கார்ந்தார்கள். ‘யாரோ சீனாக்காரன் பெயரெல்லாம் இருக்கிறது, வைரஸ் போல’ என்று அப்பா சிலரை அழித்தார். ‘யார் இந்த டீசல் தம்பி’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் உட்கார்ந்து மொத்தமாகத் துடைத்தார். அறுவடைக்கு நாள் நெருங்கிய நேரம் அது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிய ஊர்கள் நம்மிடம் எத்தனை! வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போன் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். நம் போனில் உள்ள பெயர், நம்பர், படம், நாட்காட்டிக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு கணக்கின் பெயரில் தொலைதூரத்துக் கணினி ஒன்றிலும் இருக்கின்றன. போன் அவ்வப்போது அந்தக் கணினியோடு பேசி, ‘போன தடவைக்குப் பிறகு என்னிடம் மாறியது இவை, உன்னிடம் மாறியது எவை’ என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறது. முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. மாறுதல் மட்டும்தான் போய்வரும். இதைத்தான் ‘சிங்க்’ என்கிறோம், புத்தகத் தமிழில் ஒத்திசைவு. ஒரே கணக்கில் இரண்டு போன் இருந்தால், அது ஒரே குளத்துக்கு இரண்டு படித்துறை. மேலக்கரையில் ஒருவர் கலக்கினால் கீழக்கரையில் இருப்பவருக்கும் சேறுதான்.

ஒரே பெயர் மூன்று முறை வருகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வதற்கும் காரணம் இந்தப் போக்குவரத்துதான். டவர் கிடைக்காத இடத்தில் ஒரு போனில் ஒரு திருத்தம், அதே நேரம் இன்னொன்றில் வேறு திருத்தம் என்று நடந்துவிட்டால், இரண்டில் எது சரி என்று கணினிக்குத் தெரியாது. வம்பு வேண்டாமென்று சில சமயம் இரண்டையுமே வைத்துக்கொள்ளும். பழைய போனிலிருந்து புதுப் போனுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றினாலும் இதே கதை.

இதெல்லாம் நேற்று வந்ததில்லை. 1996இல் அமெரிக்காவில் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை ஒரு தாங்கியில் செருகிப் பொத்தானை அழுத்தினால், கம்பி வழியாக மேசைக் கணினியோடு விவரங்களை மாற்றிக்கொள்ளும். கம்பியில்லாமல், எந்தக் கம்பெனிப் போனும் எந்தச் சேவையோடும் இப்படிப் பேச ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் 2000இல் கூடிச் செய்ததுதான் சிங்க்எம்எல். நம்மில் பலர் வைத்திருந்த பழைய நோக்கியா போன்களிலும் அந்த வசதி ஒரு மூலையில் இருந்தது. தேடிப்போய்த் தொட்டவர்கள் அபூர்வம். 2008இல் ஆண்ட்ராய்டு வந்தபோது கணக்கும் சிங்க்கும் போனோடு சேர்ந்தே வந்துவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கேட்காமலே எல்லாம் மேலே, அந்தத் தொலைதூரத்துக் கணினிக்குப் போகத் தொடங்கியது. நாம் சம்மதம் சொன்ன நாள் எது என்று நமக்கே நினைவில்லை. பெரும்பாலும் செல்போன் கடைத் தம்பி நமக்காகச் சம்மதம் சொல்லியிருப்பார், பாஸ்வேர்டையும் அவரே போட்டிருப்பார்.

சரி, இதனால் நமக்கு நன்மையே இல்லையா என்றால், கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னை படுத்துவிட்டது. கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் மின்சாரமில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு செல்லுக்கு சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். சார்ஜ் ஏறினாலும் டவர் இல்லை. கூரை போன வீடுகளில் பீரோவுக்குள் இருந்த பட்டாவும் பாஸ்புக்கும் பள்ளிச் சான்றிதழும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, போனும் நனைந்தது. இணைப்பு திரும்பி, வேறொரு போனில் கணக்கைத் திறந்தவர்களுக்கு நம்பர்களும் படங்களும் வந்து சேர்ந்தன. நம்பரை சிம்மிலேயே வைத்திருந்தவர்களுக்கு சிம் பிழைத்திருந்தால்தான் உண்டு. இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் போனில் பாதி நம்பர் சிம்மில்தான் கிடக்கிறது. சிம்மில் பொதுவாக 250 பெயர்கள்தான் கொள்ளும் என்பது ஒருபுறமிருக்க, அவை சிங்க் ஆவதே இல்லை. புது நம்பரைச் சேர்க்கும்போது சிம்மா, போனா, கூகுள் கணக்கா என்று ஒரு கேள்வி வருமே, அதைப் படிக்காமல் தட்டிவிடுகிறோம்.

ஆகவே சிங்க் வேண்டும். ஆனால் அது இருக்கிற தைரியத்தில், ‘எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது’ என்று நினைப்பதில்தான் கோளாறு. சிங்க் அழித்ததையும் சேர்த்தே கடத்தும்; பத்திரமாக வைப்பது வேறு வேலை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்று சொன்னால் பெருமைக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். நிலம் கொடுத்த ஆணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்துக்கொள்ளும்படி சொல்லும் கல்வெட்டுகள் நிறைய உண்டு. கோயில் சுவரில் ஒன்று, ஆளிடம் ஒன்று. இடிந்த சுவரோடு எழுத்து போனாலும் செப்பேடு பேசும். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் இருந்ததால் கரந்தைச் செப்பேடு என்று பெயர் பெற்ற ராசேந்திர சோழனின் ஏடுகளை நம்மால் இன்றும் படிக்க முடிவது அப்படித்தான். கல்லைச் சுரண்டினால் செம்பில் எழுத்து அழியாது. போனில் சுரண்டினால் மேலே உள்ளதும் அழிகிறது.

படங்களில் இது இன்னும் மோசம். ‘இடமில்லை’ என்று போன் கெஞ்ச ஆரம்பித்ததும் கூகுள் போட்டோஸைத் திறந்து கல்யாணப் படங்களை அழிக்கிறோம், மேலே இருக்குமே என்ற நம்பிக்கையில். இருக்காது. படங்களை மேலே ஏற்றும் பேக்கப் ஓடும் கணக்கில் அங்கே அழித்தால் மேலேயும் சேர்த்தே அழியும். போனில் மட்டும் இடம் காலி செய்வதற்குத் தனியாக ஒரு வசதி அதே செயலியில் இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். 2015இல் போட்டோஸ் வந்தபோது அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றுவிட்டது. இப்போது இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. குலதெய்வப் படம் போட்ட காலை வணக்கங்களால் 15 ஜிபி நிரம்பிவிட்டால், பிள்ளையின் கல்லூரியிலிருந்து வரும் மின்னஞ்சல்கூட உள்ளே வராது. காலை வணக்கம் அனுப்பும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பது இப்படி. வயலுக்குள்ளும் இதே சங்கதி வந்துவிட்டது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுதுவதுதான் நெடுநாள் வழக்கம். பயிர்க் காப்பீட்டுக்கும், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் அந்த அடங்கல்தான் ஆதாரம். இப்போது வயலில் நின்று போனில் படம் எடுத்து, நிற்கும் இடத்தின் குறியீட்டோடு ஏற்றும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை இறக்கினார்கள். மழைக்காலத்தில், சேற்றிலும் வரப்பிலும், பாம்பு கிடக்கும் இடத்தில் பிள்ளைகளை நடக்கவிடலாமா என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. நான் சொல்ல வருவது இன்னொன்று. பழைய அடங்கலில் தப்பு நேர்ந்தால் அது அந்தக் கிராமத்து நோட்டில் இருக்கும். போய் உட்கார்ந்து பேசித் திருத்திக்கொண்டு வரலாம். போனில் ‘சம்பா’ என்பதற்குப் பதிலாக ‘தரிசு’ என்று ஒரு விரல் தவறிப் பட்டால், அந்தப் பதிவை நம்பும் எல்லா அலுவலகத்துக்கும் அந்தத் தப்பே போய்ச் சேரும். ஒரு மேசையில் திருத்தினால் போதுமா, எந்த மேசையில் திருத்த வேண்டும் என்பதை விவசாயிக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா? கணக்கெடுப்பு முடிந்ததும் உங்கள் புல எண்ணில் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். நெல்லை மூட்டை பிடித்துக் கொள்முதல் நிலைய வாசலில் அடுக்கிவிட்டுப் பார்ப்பதைவிட அது மேல்.

மன்னார்குடி வாசகருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். கூகுள் கணக்கில் அழித்த நம்பர்கள் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். அவர் பதறிப்போய் மகனைக் கூப்பிட்டது அந்தக் கெடுவுக்குள். மகன் அங்கிருந்தே மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆத்தூர் மிஷினும் வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே கணக்குதான் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார், பாருங்கள்!

பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை, கரும்பைக் கடிக்க விடுவதற்கு முன் பிடித்து உட்கார வையுங்கள். அப்பா அம்மா போனில் இருப்பது யாருடைய கணக்கு என்று அமைப்புகளில் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கணக்காக இருந்தால், பெற்றவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அவர்களுடைய நம்பர்களை அதற்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் பழையதை நீக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடியும் ‘டீசல் தம்பி’ காணாமல் போவார். சிம்மில் கிடப்பதையும் கணக்குக்கு ஏற்றிவிடலாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் காலமானவர்களின் கணக்கில் குரலோ படமோ இருக்கிறதென்றால், பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இந்த விடுமுறையிலேயே திறந்து இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதை ஒரு பென் டிரைவில் போட்டு வேறொரு வீட்டில் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அப்படியே முக்கியமான ஒரு இருபது முப்பது நம்பரை நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். மிஷின்காரருக்கு ஒரு பெயர் உண்டு. இந்தத் தடவை வரும்போது கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்