பள்ளிக்கூடமா? ஜெபக்கூடமா?

நமது ஊர்ப்பக்கங்களில் கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமானவர்கள்தான் வாய் திறக்கிறார்கள். ஒரு சாரார், "அவர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஏது எழுத்து?" என்று சொல்லிக் கைகூப்பி நின்றுவிடுகிறார்கள். மற்றொரு சாரார், "மதம் மாற்ற வந்த கூட்டம்" என்று மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திற்குள் திங்கட்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரையில் ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கின்றது என்பதை இந்த இரு சாராரும் கவனிப்பதில்லை. ஆகவே அதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சிறிது விளக்கமாகச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுவோம். 1706-ல் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்திறங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் திண்ணைகூடப் பெரும்பாலும் கிடையாது. பெண்களுக்கோ அடுப்பங்கரைதான் பாடசாலை. அப்படிப்பட்ட நாட்டில் அந்நியன் வந்து கதவைத் திறந்துவிட்டான் என்றால், அதற்காக வெட்கப்பட வேண்டியது அந்நியனல்ல, கதவைச் சாத்தி வைத்திருந்த நம்மவர்கள்தான். நாமும் அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரையில் சிலேட்டுத் தேய்த்தவர்களே. அதற்கு மேல் நாம் படித்ததெல்லாம் டீக்கடைப் பத்திரிகையிலும் வாசகசாலையிலுந்தான். அந்த ஐந்து வகுப்பு இல்லாவிட்டால் இந்த வரிகளை எழுதும் யோக்கியதையே நமக்கு வந்திராது.

நிற்க. நன்றி வேறு, விசாரணை வேறு. எழுத்தைக் கற்றுக் கொடுத்தவனையே அந்த எழுத்தைக் கொண்டு கேள்வி கேட்பதுதான் அவன் கொடுத்த கல்விக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

நாம் படித்த நாளில் ஒரு வாரம் எப்படி நடந்ததென்றால், காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்க வேண்டும். கண்ணை மூடு, கையைக் கூப்பு என்ற கட்டளை வரும். ஒரு கீதம், ஒரு வேதவாசிப்பு, ஒரு ஜெபம் ஆகிய இவ்வளவும் ஆன பிறகுதான் அட்டெண்டன்ஸ். மத்தியானம் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடி, அன்னமளித்த ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு விடும்போது இன்னொரு ஜெபம். இதுவல்லாமல் வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வசன வகுப்பு. அந்த வாரத்து வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்தவனுக்கு வண்ணப்படம் அச்சடித்த ஒரு சிறு அட்டை கிடைக்கும். ஒப்பிக்காதவனுக்குப் பிரம்பு கிடைக்கும். வகுப்பில் இருந்த நாற்பது பேரில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு மேல் இல்லை. மற்றவர்களெல்லாம் மாரியம்மன் கோவில் கூழைக் குடித்துவிட்டு வந்தவர்கள்தான். அவர்களுடைய தாய் தகப்பன்மாரை யாராவது ஒரு நாளாவது "உங்கள் பிள்ளை இதில் சேரலாமா?" என்று கேட்டதுண்டா என்றால் கிடையவே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லுகிறோம். அன்று காலையில் விஞ்ஞான பாடம். மழை பெய்து வாசலில் தேங்கிய தண்ணீர் எங்கே போகின்றது என்று டீச்சர் கேட்டார். "மண் குடித்துவிடுகிறது என்றால் சிமிண்டுத் தரையில் தேங்கியதும் வற்றிவிடுகிறதே, அது எப்படி?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இப்படித்தான் கேட்க வேண்டும்" என்று வகுப்பு முழுவதும் கைதட்டச் செய்தார். அதே நாள் கடைசி மணியில் நோவா பேழையின் கதை வந்தது. மனிதர் செய்த பாவத்திற்காக உலகத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்தார் ஆண்டவர் என்று சொல்லிக் கொடுத்தார். காலையில் வாங்கிய கைதட்டலின் தைரியத்தில் நாம் எழுந்து, "ஆடு மாடு என்ன பாவம் செய்தது டீச்சர்? மீன் மட்டும் சாகவில்லையே, அது ஒரு பாவமும் செய்யவில்லையா?" என்று கேட்டுவிட்டோம். மணி அடிக்கும் வரையில் பெஞ்சின் மேல் நிற்க வேண்டியதாயிற்று.

தோழர்களே! காலையில் கேள்வி கேட்டவன் கெட்டிக்காரன். சாயங்காலம் கேள்வி கேட்டவன் துஷ்டன். ஒரே பையன், ஒரே வாய், ஒரே டீச்சர். இதிலிருந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது யாது? உலகத்தில் கேள்வி கேட்கக் கூடிய விஷயம், கேள்வி கேட்கக் கூடாத விஷயம் என்று இரண்டு உண்டு என்பதுதான். இந்தப் பாடத்தைப் பிஞ்சு மனதில் ஏற்றிவிட்டால், பிறகு அவன் பெரியவனாகி ஜோசியக்காரனிடத்திலும் சாமியாரிடத்திலும் வாய் பொத்தி நிற்பதற்கு வேறு பயிற்சி வேண்டியதே இல்லை.

அந்த டீச்சரம்மாளை நாம் குறை சொல்ல வரவில்லை. நமது தலையில் பேன் பார்த்தவரும், சிலேட்டு உடைந்தபோது தமது கைக்காசில் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பல ஆண்டுகள் கழித்து அவரைக் கண்டபோது இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டப்பா. ஆனால் எத்தனை பிள்ளைகள் வசனம் ஒப்பித்தார்கள் என்று தாளாளர் கணக்குக் கேட்பாரே, நான் என்ன செய்ய?" என்றார். பிள்ளைக்கு மாத்திரமல்ல, உபாத்தியாயருக்கும் அங்கே வாய்ப்பூட்டு இருந்தது என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

இனி சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1950-ல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, சர்க்கார் அங்கீகாரம் பெற்ற அல்லது சர்க்கார் பணம் வாங்குகின்ற எந்தப் பள்ளிக்கூடத்திலும், ஒருவருடைய சம்மதமில்லாமல், சிறுவராயின் அவருடைய பெற்றோர் அல்லது காப்பாளருடைய சம்மதமில்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுகிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவோ, விஞ்ஞான மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமை என்கிறது. மீன் ஏன் சாகவில்லை என்று கேட்ட பையன் இந்தக் கடமையைத்தானே செய்தான்?

இது ஏதோ நாஸ்திகர்கள் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்தவ மதமே ராஜாங்க மதமாயிருக்கின்ற இங்கிலாந்து தேசத்தில் 1870-ஆம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டத்தின் 7-வது பிரிவு என்ன செய்ததென்றால், மத போதனை பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தைக் கால அட்டவணையில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வகுப்பறையில் ஒட்டி வைக்க வேண்டும். பெற்றோர் வேண்டாமென்றால் பிள்ளையை அந்த நேரத்தில் விட்டுவிட வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைக்கு மற்ற நன்மை எதுவும் குறையக்கூடாது என்று விதித்தது. நூற்றைம்பது வருஷத்திற்கு முன்னால் வெள்ளைக்காரன் தன் பிள்ளைக்குக் கொடுத்த மரியாதையை இன்று நமது பிள்ளைக்குக் கொடுப்பதனால் யாருடைய மோட்சம் கெட்டுப் போகும் என்று கேட்கின்றோம்.

இன்னொன்றையும் பாருங்கள். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசீய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மதம் இடந்தரவில்லை என்று வாய் திறந்து பாடவில்லை. பள்ளிக்கூடத்தார் அவர்களை நீக்கிவிட்டார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டார், அப்படி நீக்கியது தவறு, திரும்பச் சேர்த்துக்கொள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு, நாமும் வரவேற்கின்றோம். அந்தப் பிள்ளைகளின் மனச்சாட்சிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, ஜெபத்தில் வாய் திறக்க விரும்பாத பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

சிலர் நம்மைப் பார்த்து, "பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்கூடத்திற்குப் போவதுதானே" என்று சொல்லலாம். நடந்து போகும் தூரத்தில் அந்த ஒரே பள்ளிக்கூடந்தான் உண்டு என்கிற ஊர்க்காரன் எங்கே போவான்? மேலும் உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் சம்பளம் யாருடைய பணம்? மத்தியானச் சோறு யாருடையது? 2022-ல் சர்க்கார் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவை 2024-ல் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டினார்களே, அது எந்த ஆகாயத்திலிருந்து விழுந்தது? நாற்று நட்டவளும், சுமை தூக்கினவனும், தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கொடுத்தவனும் போட்ட சோறு அது. நன்றி சொல்வதானால் கண்ணைத் திறந்து, சமைத்துப் போடும் அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டுமே!

வேறு சிலர், "சிறுபான்மையோருக்குப் பள்ளிக்கூடம் நடத்த 30-வது பிரிவு உரிமை கொடுக்கவில்லையா?" என்பார்கள். கொடுத்திருக்கின்றது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் அது பள்ளிக்கூடத்தை நடத்தும் உரிமையே ஒழிய, பிறர் பிள்ளையின் மனதை அவர்களைக் கேளாமல் எடுத்துக்கொள்ளும் உரிமையல்ல. "வேதம் நல்லொழுக்கத்தைத்தானே போதிக்கிறது?" என்பார்கள். பொய் சொல்லாதே என்பதற்கு நரக நெருப்பு எதற்கு? எல்லோரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று வாரந்தோறும் ஒப்பித்தும், செத்த பிறகுகூடச் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கிற கிறிஸ்தவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்களே! ஒப்பிப்பதனால் ஒழுக்கம் வருமானால் இது எப்படி நேர்ந்தது?

இதைப் படித்துவிட்டுக் காவிக்கொடிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது பைபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீதையை வைப்பது. முழுவதும் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் மத போதனையே கூடாது என்று அதே 28-வது பிரிவு முதலிலேயே சொல்லியிருக்க, அங்கே சரஸ்வதி படத்திற்குச் சூடம் காட்டுகிறவர்களுக்கு இதைப் பற்றிப் பேச வாயில்லை. நமது தராசு எல்லோருக்கும் ஒன்றே.

ஆகவே நாம் சொல்லுவது மிகச் சின்னக் காரியந்தான். ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது, "மத வகுப்பிலும் ஜெபத்திலும் உங்கள் பிள்ளை சேரச் சம்மதமா?" என்று தமிழில் எழுதிய ஒரு தாளைப் பெற்றோரிடம் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும். மத வகுப்பை நாளின் தொடக்கத்திலோ முடிவிலோ வைக்கட்டும். சேராத பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு கதைப் புத்தகமோ பந்தோ கொடுக்கட்டும். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் தங்கள் மதப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனையும் தனித்தனியே நடத்துகிறார்கள். அதை நாம் பாராட்டுகின்றோம்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இதற்காகக் கொடி பிடித்துக் கொண்டு பள்ளிக்கூட வாசலில் கூச்சல் போட வேண்டியதில்லை. அங்கே இருப்பது நமது பிள்ளைகளும், நம்மைப் போன்ற கூலிக்கு உழைக்கும் உபாத்தியாயர்களுந்தான். நாலு பெற்றோர் சேர்ந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, நேரே தலைமை ஆசிரியரிடம் சென்று, மரியாதையாக அந்தத் தாளைக் கேளுங்கள். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்கு என்ன ஒப்பித்தாய்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்றைக்கு என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள்.