சும்மா ஒரு பயணம்



மத்தியதரைக் கடலோர நாடுகள் பலவற்றில் மலையும் கடலும் ஒட்டியபடி இருக்கின்றன. காலையில் கடற்கரையில் புறப்பட்டால் மதியம் மலைமேல் நிற்கலாம். அதனால் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள் அங்கே நிறையப் போகிறார்கள். எங்கள் மாதாந்தக் கூட்டம் ஒன்றில் அப்படிப் போகும் பெண்களின் படமொன்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்:

"இவங்க என்ன அலுவலாப் போறாங்க புள்ள?"

"அலுவல் ஒண்டுமில்ல அக்கா. சும்மா பார்க்கப் போறாங்க."

"சும்மாவா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் பகுதிப் பெண்கள் பயணம் செய்யாதவர்களா? அந்த அக்காவின் கணவர் 1990ஆம் ஆண்டு கொண்டுபோகப்பட்டவர். அன்றிலிருந்து அவர் போகாத முகாம் இல்லை, ஏறாத படி இல்லை. 1994இலும், 2010இலும், 2013இலும் ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டபோது ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றார். கொழும்புக்கு எத்தனை தரம் போனார் என்று அவருக்கே கணக்கில்லை. கொழும்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "வரிசையில நிண்டதுதான்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு, பொலிசுக்கு, நிவாரணத்துக்கு, செத்தவீட்டுக்கு, வெளிநாட்டுக்கு வேலைக்கு என்று நாங்கள் போய்க்கொண்டே இருக்கிறோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் பெண்கள் ஒவ்வொரு வருடமும் எங்கள் திருக்கோவிலைக் கடந்து பொத்துவில், உகந்தை, குமண, யால காட்டு வழியாக நடந்து போகிறார்கள். வாரக்கணக்காக வீட்டை விட்டுப் போனாலும் அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால் அது நேர்த்திக்கடன். துக்கத்துக்கும் கடமைக்கும் கடவுளுக்கும் பெண் எவ்வளவு தூரமும் போகலாம். தன் மனது விரும்பியது என்பதற்காக மட்டும் போனால்தான் "எங்க திரியிறா?" என்று கேட்கிறார்கள். கணவனை இழந்தவள் என்றால் அந்தக் கேள்வியின் குரலே வேறு.

கடலும் மலையும் எங்களுக்கும் இருக்கின்றன, அதுவும் ஒரே வீதியில். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரமாக வரும் ஏ4 நெடுஞ்சாலைதான் மேற்கே திரும்பி மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. வெல்லவாயவில் பிரிந்து ஏறினால் எல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம். திருக்கோவிலிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர்தான். கடந்த மாரி மழை ஓய்ந்த பிறகு நாங்கள் மூன்று பேர் இரண்டு ஸ்கூட்டிகளில் அங்கே போய்வந்தோம்.

ஒன்றை நான் ஓட்டினேன், பின்னால் அந்த அக்கா. மற்றதை அக்கரைப்பற்று ராத்தா ஓட்டினார். மருதமுனைச் சாறிகளை வாங்கி ஸ்கூட்டியில் ஊரூராகக் கொண்டுபோய் விற்பவர் அவர். வயலுக்குப் போன அவருடைய வாப்பா திரும்பி வராததும் 1990இல்தான். யாரால் என்ற கதையை அக்காவும் ராத்தாவும் எடுப்பதில்லை. எடுத்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்கு மலையேறக் குளிர்ச்சட்டை கொண்டுவந்து கொடுத்தவர் ராத்தாதான்.

விடியற்காலை அக்கா வந்தபோது கையில் பொலித்தீன் சுற்றிய கோவை ஒன்று இருந்தது. கணவரின் படம், கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. "வெளியில போறதெண்டா இது இல்லாமப் போய்ப் பழக்கமில்ல" என்றார். வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. மழைக்கோட்டோடு சேர்த்து இருக்கைக்கு அடியில் வைத்தோம்.

போகும் வழியில் சங்கமன்கண்டி வரும். இலங்கையின் கிழக்கு எல்லை முனை அதுதான். நாட்டில் சூரியனை முதலில் காணும் கரை எங்களுடையது என்று சொன்னபோது அக்காவுக்கு ஆச்சரியம். இவ்வளவு காலமும் அந்த வழியாகப் போயும் அவருக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கும் மனநிலையில் அவர் போகவில்லை.

பொத்துவிலில் பெற்றோல் நிரப்பினோம். அடுத்து லாகுகல. யானைகள் வீதியைக் கடக்கும் இடம். அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அந்தப் பகுதிக்குள் போனோம். சியம்பலாண்டுவவில் பிளேன்ரீ குடித்த கடையில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். எங்கே போகிறீர்கள், யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்தார். வியாபாரத்தில் சிங்களம் பழகிய ராத்தா, "நிகங்" என்றார். அவர்களின் மொழியில் சும்மா என்று அர்த்தம். அந்த அம்மா சிரித்துவிட்டு, தானும் பொத்துவில் கடலை ஒரேயொரு தடவைதான் கண்டதாகவும், அதுவும் ஒரு மரண வீட்டுக்குப் போனபோது என்றும் சொன்னார். மொழி வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றாகவே இருக்கிறது.

வெல்லவாயவுக்குப் பிறகு ஏற்றம். இரண்டு பேரைச் சுமந்த சிறிய ஸ்கூட்டி மூச்சு வாங்கியது. இரண்டு இடங்களில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டோம். மதியத்துக்குப் பின் இராவணன் நீர்வீழ்ச்சி. வீதி ஓரத்திலேயே விழுகிறது. இராவணன் சீதையை ஒளித்துவைத்த குகை இங்கேதான் என்று சொல்வார்கள். சீதையும் தன் விருப்பத்தில் இங்கு வந்தவள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா ஒரு கல்லில் இருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. எழும்பி வந்தபோது, "அவர் இருந்திருந்தா இதெல்லாம் காட்டியிருப்பார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லாட்டி நானும் பார்க்கத்தானே வேணும்" என்றார்.

அன்றிரவு எல்லவில் ஒரு வீட்டுத் தங்குமிடத்தில் தங்கி மறுநாள் திரும்பினோம். கோவை இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. அதைத் தேட வேண்டிய நாள் வரும்போது அக்கா திரும்பவும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு பயணம் அந்தத் தேடலை முடித்துவைக்காது. தேடுகிறவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

ஊருக்கு வந்ததும் கதை வராமல் இருக்கவில்லை. "இந்த வயசில இதென்ன கூத்து" என்று ஒருவர் அக்காவின் முகத்துக்கு நேரேயே கேட்டார். இப்படிக் கேட்கப்படுவது எங்களுக்கு மட்டும் புதிதல்ல. 1916இல் அமெரிக்காவில் வான் பியூரன் சகோதரிகளான அகஸ்டாவும் அடெலினும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நியூயோர்க்கிலிருந்து மேற்குக் கரைவரை போனார்கள். வழியில் 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்திலும் ஏறினார்கள். பெண்கள் ஆண்களின் உடுப்பு உடுத்திருக்கிறார்கள் என்று வழியில் பொலிசார் அவர்களை மறித்தார்கள். 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கியது. அவர்களும் கேலிப் பேச்சைக் கேட்டவர்கள்தான். ஆயிரக்கணக்கில் அவர்கள் வீதிக்கு வந்த பிறகு கேலி செய்தவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. தனியாகப் போகிறவளைத்தான் ஊர் பேசும். பலர் போனால் அது வழக்கமாகிவிடும்.

இப்போது எங்கள் பகுதியில் ஆசிரியைகள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள் என்று எத்தனையோ பெண்கள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறார்கள். ஓட்டத் தெரியும், வாகனம் இருக்கிறது. வேலை இல்லாத ஒரு நாளில் அதைத் தனக்காக எடுக்கும் துணிவு மட்டும்தான் குறைவு.

போக விரும்புகிறவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான வரிப்பத்திரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். சாறி முந்தானை, சோல், அபாயா எதுவானாலும் சில்லுக்குள் போகாதபடி இறுக்கிக் கட்டுங்கள். முடிந்தவரை இரண்டு வாகனமாகப் போங்கள். எந்த வழி, எத்தனை மணி என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவை நாம் கண்டோம். ஆகவே வீதி எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகே ஏறுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். கியர் உள்ள வாகனத்தைச் சிறிய கியரில் இறக்க வேண்டும். ஸ்கூட்டியில் அப்படிப் பிடிக்க முடியாது. ஆகவே மெதுவாக, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து இறங்குங்கள். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். எல்ல - வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை மறக்க வேண்டாம்.

முதல் நாளே எல்லவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப்பொதி கட்டிக்கொண்டு பொத்துவில் வரை போய்வாருங்கள். யாராவது எங்கே என்று கேட்டால் காரணம் தேடாதீர்கள். சும்மா என்றே சொல்லுங்கள்.

அக்கா இப்போது அடுத்த பயணம் பற்றி விசாரிக்கிறார். பின் இருக்கை போதாதாம், ஓட்டப் பழக வேண்டுமாம். ஐம்பது வயதுக்குப் பிறகு அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி என்பதை அடுத்த மாதம் எழுதுகிறேன்.